மூன்றாவது ஜன்னலில் ஒரு சாண் பச்சை

அன்னவாசல்,
ஆவணி 24.

அன்பு மகள் காவ்யாவுக்கு உன் அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் புனேயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் தம்பி எழிலும் இருக்கிறோம், உன் அப்பா கோபமாக இருக்கிறார், வேறு விசேஷம் இல்லை என்று எழுதி முடித்துவிடலாம், ஆனால் விசேஷம் இருப்பதால்தான் காகிதம் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பதாவதில் கணக்கு டீச்சரோடு சண்டை போட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு எழுத்து எப்படி இருக்கும், பிழை இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரைக்கும் படி. போனில் சொல்லலாம் என்றால் நீ என் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். அதுவும் நல்லதுதான், எனக்குப் போனில் நிதானமாகப் பேச வராது. அன்றைக்கு நான் "இந்த வீட்டுப் பக்கமே கால எடுத்து வைக்காத, வராத" என்று கத்தினேன், நீ "தலப்பிரசவத்துக்குப் பெத்த மகள வராதங்கிற மொத அம்மா நீயாத்தான் இருப்ப" என்று சொல்லி வைத்துவிட்டாய். நீ சொன்னதில் தப்பு இல்லை. காரணத்தைச் சொல்லாமல் கத்தியது என் தப்பு. காரணத்தைச் சொன்னால் நான் செய்த வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பங்குனியில் நீ உண்டாகியிருக்கிறாய் என்று போன் வந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏழாம் மாதம் கந்தர்வக்கோட்டையில் உன் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்து உன்னை இங்கே கூட்டிக்கொண்டு வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும், சம்மந்தியம்மா அழகம்மாள் வாசலில் நின்று மூக்கைச் சுளிக்கிற மாதிரி இருக்கக் கூடாது என்று எனக்கு வெறி. நம் வீட்டு ஜன்னல்கள் உனக்குத் தெரியும், எட்டு ஜன்னல், எட்டும் தேக்கு, உன் தாத்தா வாங்கும்போதே பழைய வீடு. அந்த வீட்டில் ஒரு வழக்கம், விசேஷம் வந்தால் ஒரு கோட்டு பெயிண்ட், பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே. என் கல்யாணத்துக்குப் பச்சை அடித்தார்கள். உன் சடங்குக்கு நீலம். போன வருஷம் உன் கல்யாணத்துக்கு க்ரீம் கலர். இப்படி அடித்து அடித்து ஜன்னல் கதவு மூடாமல் நின்றது. நான் எங்கெங்கேயோ வேலை பார்த்தவள், ஜவுளிக்கடையில் நின்றேன், முந்திரி உடைத்தேன், நூறு நாள் வேலைக்குப் போனேன், எதிலும் ஆறு மாசம் தரித்ததில்லை என்று உன் அப்பா கேலி பேசுவார், ஆனால் இன்னாசி அண்ணனோடு பெயிண்ட் வேலைக்குப் போய் மூன்று வருஷம் தரித்துவிட்டேன், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதில் என்னை அடித்துக்கொள்ள அந்த செட்டில் ஆளில்லை. வேலைக்குப் போன பெரிய வீடுகளில் எல்லாம் தேக்கைச் சுரண்டி வார்னிஷ் அடித்து மரத்தின் ரேகை தெரிய வைத்திருந்தார்கள். நம் வீட்டிலும் அப்படி வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

உன் அப்பா சொன்னார், "எதுக்குடி சுரண்டிக்கிட்டு கெடக்க, மேலாப்புல ஒரு கோட்டு இழுத்து விட்டா முடிஞ்சு போச்சு." நான் சொன்னேன், "லோடு ஆட்டோ ஓட்டுறவுகளுக்கு என்னா தெரியும் பெயிண்டப் பத்தி, நீங்க சும்மா இருங்க." அந்த மனுஷன் சோம்பேறித்தனத்தில் சொன்னதுதான், ஆனால் அதைக் கேட்டிருந்தால் பாதி வினை வந்திருக்காது என்று பிறகு திருச்சியில் ஒரு டாக்டரம்மா சொன்னார். உரியாமல் இருக்கிற பழைய பெயிண்டை மூடி வைப்பதுதான் சரியாம், காய்ந்தபடி தேய்த்துப் பொடியாக்குவதுதான் மோசமாம். நான் காய்ந்தபடிதான் தேய்த்தேன். தண்ணீர் தொட்டால் தேக்கு ஊறி நிறம் கறுத்துவிடும் என்று பெயிண்ட் வேலைக்காரி மாதிரி யோசித்தேன். வைகாசி முழுக்க வேலை இல்லாத நாளெல்லாம் தேய்த்தேன். மாவு மில்லில் நின்ற மாதிரி கூடம் முழுக்கப் புழுதி. என் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டேன். என் காலடியில் உட்கார்ந்திருந்த எழிலுக்கு, மூன்று வயசுப் பிள்ளைக்கு, ஒன்றும் கட்டவில்லை. அவன் அந்தப் புழுதியில் விரலால் கோடு போட்டு விளையாடினான், பஸ் போட்டான், விரலை வாயில் வைத்தான், நான் பார்த்துச் சிரித்தேன். சாயங்காலம் விளக்குமாறு போட்டுப் புழுதி பறக்கக் கூட்டினேன், அதே சேலையோடு அவனை மடியில் போட்டுச் சோறு ஊட்டினேன்.

இன்னொன்று இருக்கிறது. கூடத்தில் மூன்றாவது ஜன்னல், புளியமரம் தெரியுமே, அந்த ஜன்னலில் நீ சின்னப் பிள்ளையில் ஏறி உட்கார்ந்து பஸ் பார்ப்பாய். அதன் கீழ்க்கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், க்ரீம் போனது, நீலம் போனது, பச்சை வந்தது, பச்சையில் குட்டிக் குட்டியாகக் குழி. முதலில் செல் அரித்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது. உனக்குப் பல் முளைக்கிற காலத்தில் அந்தக் கட்டையைத்தான் கடித்துக்கொண்டு நிற்பாய், பிடுங்கினால் அழுவாய், உன் அப்பா "எலி பொறந்துருக்குடி நமக்கு" என்று சொல்வார். இருபது வருஷம் கழித்தும் இரண்டு கோட்டுக்கு அடியில் அப்படியே இருந்தது. எனக்குத் தேய்க்க மனம் வரவில்லை. உப்புத்தாளை எடுத்துவிட்டேன், அந்த ஒரு சாணை மட்டும் பச்சையாகவே விட்டுவிட்டு மற்றதை எல்லாம் மரம் தெரியத் தேய்த்தேன். நீ வந்ததும் கூட்டிப்போய்க் காட்டிச் சிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஆனி பிறந்ததும் எழில் சோறு தின்பதை நிறுத்தினான். வாயில் வைத்தால் துப்புவான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கிப் படுத்துக்கொள்வான், நாலு நாள் ஐந்து நாள் வெளிக்குப் போக மாட்டான், தொட்டதற்கெல்லாம் அழுவான், அழுதால் நிற்காது. இங்கே ஒரு கிளினிக்கில் காட்டினோம், பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார்கள். பூச்சியும் வரவில்லை, சோறும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் எல்லாரும் தொக்கம் என்றார்கள், எதையோ முழுங்கி அது குடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஊதி எடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, உனக்கே இரண்டு தடவை எடுத்திருக்கிறேன். கொடும்பாளூர் பக்கம் தொக்கம் எடுக்கிற உண்ணாமலையிடம் இலுப்பூர் வழியாக பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முதல் தடவை மயிர்ச் சுருள் வந்தது என்று காட்டினாள். இரண்டாவது தடவை ஒன்றும் வரவில்லை, அடுத்த வாரம் வா என்றாள். மூன்றாவது தடவை அவள் விரலை விட்டுக் கடைவாயைத் துழாவினாள், பிள்ளை திமிறினான், விரல் நுனியில் ஒரு பொடிச் சில்லு வந்தது. உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காட்டினாள். பச்சை. "இந்தா பாத்துக்க தாயி, இதான் அடச்சுக்கிட்டு கெடந்துருக்கு, இனிமே ஒம் மகன் கல்லத் தின்னாலும் செரிக்கும்" என்றாள்.

காவ்யா, எனக்கு அந்தப் பச்சை தெரியும். பெயிண்ட் வேலை பார்க்கிறவளுக்கு நிறம் மாறிப்போகாது. என் கல்யாணத்துக்கு அடித்த பச்சை அது, எங்கே பார்த்தாலும் சொல்லுவேன். ஆனால் தெரிந்த உடனே எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, பயம் தோன்றவில்லை, அப்பாடா என்று இருந்தது. அட, பெயிண்ட் சில்லைத்தான் முழுங்கிவிட்டானா, அதுதான் வெளியே வந்துவிட்டதே, இனிமேல் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சில்லை அவள் திருநீறு மடித்துக் கொடுத்த காகிதத்திலேயே போட்டு என் பர்ஸில் வைத்துக்கொண்டேன், உன் அப்பாவிடம் காட்டி வாயை அடைக்க. உண்ணாமலைக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். வந்து மறுநாள் காலையில் என்ன செய்தேன் தெரியுமா, பின்கட்டில் பாக்கி இருந்த மூன்று ஜன்னலையும் தேய்த்து முடித்தேன். இதை நீ இரண்டு தடவை படி. கையில் விஷத்தை வைத்துப் பார்த்துவிட்டு, அது மருந்து வேலை செய்ததற்கு அடையாளம் என்று சந்தோஷப்பட்டுவிட்டு, போய் மறுபடி அதையே தேய்த்தவள் உன் அம்மா.

அதற்குப் பிறகு அவன் பேச்சு போனது. வீடியோ காலில் உன்னைப் பார்த்தால் "அக்கா, அக்கா" என்று போனை நக்குவானே, நின்றுவிட்டது. பஸ்ஸைக் கண்டால் "பேந்து" என்பான், அதுவும் நின்றுவிட்டது, விரலை மட்டும் நீட்டுவான். நீ ஆடியில் இரண்டு தடவை கேட்டாய், "ஏம்மா எழிலு பேச மாட்டேங்கிறான், எம்மேல கோவமா" என்று. தூங்குகிறான், சளி பிடித்திருக்கிறது, சேட்டை என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வயிற்றுப் பிள்ளைக்காரி பயந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது நான்தான்.

ஒரு நாள் காலையில் எழுந்து நிற்கப் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்துக் கிடந்தது. உன் அப்பா ஆட்டோவில் ஏற்றியிருந்த சிமெண்டு மூட்டையை நடுரோட்டில் இறக்கிப் போட்டுவிட்டு எங்களைத் திருச்சிக்குக் கொண்டுபோனார், அதையும் எழுத வேண்டும், அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. அங்கே ஒரு குழந்தை டாக்டரம்மா பார்த்தார். ரத்தம் இல்லை என்றார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், மண் தின்கிறானா சுவர் சுரண்டித் தின்கிறானா என்று கேட்டார். நான் பெருமையாக, "அதெல்லாம் இல்ல டாக்டர், ஒரே ஒரு பெயிண்டு சில்லு முழுங்கிட்டான், அதையும் தொக்கம் எடுத்து வெளிய கொண்டாந்தாச்சு" என்று பர்ஸைத் திறந்து திருநீற்றுக் காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். அந்தம்மா அதைக் கையில் வாங்கவில்லை. எந்த வீடு, எத்தனை வருஷத்து வீடு, யார் சுரண்டினார்கள், எதால் சுரண்டினார்கள், அப்போது பிள்ளை எங்கே இருந்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்துவிட்டது, போலீஸ் ஸ்டேஷனில் தானே எழுதிக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். முப்பத்தெட்டு என்று வந்தது. மூன்றரையைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம், இவனுக்கு முப்பத்தெட்டு. ஈயம் என்றார் டாக்டரம்மா. ரசம் வைக்கிற ஈயச் சொம்பா என்று உன் அப்பா கேட்டார். "அது வெள்ளீயம்ங்க, இது காரீயம், பழைய எனாமல்ல நெறம் நிக்கிறதுக்கும் சீக்கிரம் காயிறதுக்கும் கலந்திருப்பாங்க, இப்பதான் சட்டம் போட்டுக் கொறைச்சிருக்காங்க" என்றார். பச்சை, மஞ்சள், சிவப்பில் அதிகமாம். தித்திப்பாக இருக்குமாம், அதனால் பிள்ளைகள் விடாதாம். வைகாசியும் ஆனியும் நான் தித்திப்பை அரைத்து வீடு முழுக்கத் தூவியிருக்கிறேன். சில்லு முழுங்கினதை விடப் புழுதிதான் அதிகம் உள்ளே போயிருக்கும் என்றார், விரலால் கோடு போட்டுச் சப்பினானே அதுதான். ரத்தத்தில் இருப்பது மெல்ல இறங்குமாம், மூளையில் பட்டது எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாதாம், பள்ளிக்கூடம் போனால்தான் தெரியுமாம். நாற்பத்தைந்தைத் தாண்டினால் ரத்தத்தில் இருந்து பிரிக்க மருந்து உண்டாம், இவனுக்கு இப்போது மருந்தே அந்த வீட்டை விட்டு வெளியே கொண்டுபோவதுதான் என்றார். இரும்புச் சத்து டானிக் எழுதினார். கடைசியில் வீட்டில் வேறு யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். மகள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள், அவளுக்காகத்தான் ஜன்னலையே தேய்த்தேன் என்றேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க" என்றார். தாய் மூச்சில் இழுத்தாலும் வாயில் போனாலும் வயிற்றுப் பிள்ளைக்குப் போய்விடுமாம், தடுக்க ஒன்றும் கிடையாதாம். அதைத்தான் நான் அன்றைக்கு உன்னிடம் போனில் கத்தினேன்.

அன்றைக்குத் திருச்சியில் இருந்து வந்து துணியெடுக்க வீட்டுக்குள் போனேன். எழிலை வாசலிலேயே உன் அப்பாவிடம் விட்டுவிட்டுத்தான் போனேன். மூன்றாவது ஜன்னலுக்கு என்னை அறியாமல் போய்க் குனிந்து பார்த்தேன். நான் உனக்காக விட்டுவைத்த அந்த ஒரு சாண் பச்சையில் உன் பல் தடத்துக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு வரிசை. உன்னுடையது பழசு, ஓரம் மழுங்கியிருக்கிறது. இவனுடையது புதுசு, பச்சை உரிந்து அடியில் சிவப்பு தெரிகிறது. வீட்டில் அத்தனை கட்டையும் வெறும் மரமாக இருக்க, கடிக்கப் பெயிண்ட் இருந்த ஒரே இடம் அதுதான், நான் ஆசையாக வைத்த இடம்.

மறுநாளே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டுக்கு வந்துவிட்டேன், நானும் எழிலும். ஒரு ரூம், ஒரு அடுப்படி, கட்டி இரண்டு வருஷம்தான் ஆகிறது, ஓனரிடம் பெயிண்ட் டப்பாவைக் காட்டச் சொல்லி அதில் ஈயம் கிடையாது என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் சாவி வாங்கினேன், அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். உன் அப்பா வரவில்லை. "எங்கப்பன் ஆசையா வாங்குன வீட்ட வெசங்கிற, இத்தன வருசம் இருந்த நாங்கள்லாம் செத்தா போனோம்" என்று அங்கேயே இருக்கிறார். தினமும் காலையில் எழிலுக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்து லைன் வீட்டு வாசலில் நிற்கிறார், உள்ளே வர மாட்டார், பழத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நானும் உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை, அங்கே இருந்து வருகிற சட்டையோடு வேண்டாம். அவர் ஜன்னலுக்கெல்லாம் ஆள் வைத்து வார்னிஷ் அடித்துவிட்டார், கூட்டிக் கழுவியாயிற்று, சுத்தமாக இருக்கிறது, நீ தைரியமாக வா, உன் அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று உன்னிடம் சொன்னாராமே, இன்னாசி அண்ணன் சொன்னார். வர்ற செப்டம்பர் இருபதாம் தேதி திருச்சி ஜங்ஷனுக்குக் கார் எடுத்துக்கொண்டு வந்து உன்னை நேராக அந்த வீட்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடாம். காவ்யா, அது சுத்தம் இல்லை. விளக்குமாறு போட்டால் புழுதி எழும்பி மறுபடி படியும், தரைச் சிமெண்டு வெடிப்பில் இருக்கிறது, ஓட்டுச் சட்டத்தில் இருக்கிறது, பத்தாயத்துக்குப் பின்னால் இருக்கிறது, நீ படுக்கிற கட்டில் சந்தில் இருக்கிறது. போட்டவள் நான், எங்கெல்லாம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை எடுக்க ஈரத்துணி போட்டுத் திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும், துடைத்த தண்ணீரைக் கூட வாசலில் ஊற்றக் கூடாது, பிறகு தூசியைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும், அதெல்லாம் உன் பிரசவத்துக்குள் முடிகிற காரியம் இல்லை.

சம்மந்தியம்மா எனக்குப் போன் பண்ணினார். "சொந்த வீடு எட்டு ஜன்னலோட இருக்கையில லைன் வீட்டுல வச்சுப் பிரசவம் பாக்கப் போறீகளா, எங்க குடும்பத்துக்கு அது அழகா, பொண்ணக் கூப்பிடத் துப்பில்லன்னா சொல்லிருங்க, நாங்களே பாத்துக்கிறோம்" என்றார். நான் வழக்கமாக இருந்தால் நறுக்கென்று இரண்டு வார்த்தை விட்டிருப்பேன். "ஆமாங்க சம்மந்தி, துப்பில்லைங்க, நீங்களே பாத்துக்கங்க" என்றேன். அந்தம்மா போனை வைத்துவிட்டார். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இடமில்லை என்று ஊர் பேசட்டும், என்னைப் பற்றி ஊர் பேசாததா, மகளுக்குக் கல்யாண வயசில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றவள் என்று பேசவில்லையா, அப்போதும் பிழைத்துத்தான் இருந்தேன்.

உனக்கு மூன்று வழி சொல்கிறேன், எதை வேண்டுமானாலும் எடு. புனேயிலேயே பெற்றுக்கொள், நான் எழிலைத் தூக்கிக்கொண்டு வந்து விழுகிறேன், அடுப்படியில் படுத்துக்கொள்வேன். இல்லையா, கந்தர்வக்கோட்டையில் மாமியார் வீட்டிலேயே இரு, ஆனால் அங்கேயும் பழைய கதவு ஜன்னல் உரிந்து கிடக்கிறதா என்று மாப்பிள்ளை பிரவீன்குமாரை முன்கூட்டியே பார்க்கச் சொல், உரிந்திருந்தால் அந்த ரூமில் படுக்காதே, நீ வருகிறாய் என்று சம்மந்தியம்மா வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டால் யாரும் சுரண்டக் கூடாது என்று சொல். அதுவும் வேண்டாம் என்றால் இந்த லைன் வீட்டுக்கு வா, இடம் குறைவு, ஆனால் தரை சுத்தம், தினம் இரண்டு வேளை ஈரத்துணி போடுகிறேன். எங்கே வந்தாலும் அப்பா கொண்டுவருகிற காரில் அந்த வீட்டுக்கு மட்டும் போகாதே. சாமி கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம், கை நனைத்துவிட்டு வந்துவிடலாம் என்று கூடப் போகாதே. ஆலம் சுற்ற வேண்டும் என்றால் நான் பஸ் ஸ்டாண்டில் நின்று சுற்றுகிறேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். டாக்டரம்மாவிடம் உன் பல் தடத்தையும் சொன்னேன். சின்ன வயசில் உள்ளே போன ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம், வருஷக்கணக்கில் சும்மா இருக்குமாம், பிள்ளை உண்டாகும்போது வயிற்றுப் பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்துக் கொடுக்க எலும்பு இளகுகிற நேரத்தில் அதோடு இதுவும் கிளம்பி ரத்தத்துக்கு வருமாம். எல்லாருக்கும் அப்படி வரும் என்று இல்லை, ஆனால் பார்த்துவிடுவது நல்லது என்றார். அதனால் நீ ரத்தம் எடுக்க வேண்டும். நீ பார்க்கிற டாக்டரிடம் ஈயம் பார்க்க வேண்டும், சின்னப் பிள்ளையில் பழைய பெயிண்ட் தின்றிருக்கிறேன் என்று நேராகச் சொல், வெட்கப்படாதே, வெட்கப்பட வேண்டியவள் நான். அதுவரைக்கும் பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் விடாமல் சாப்பிடு, அவர்கள் கொடுக்கிற சுண்ணாம்பு மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் வாந்தி வருகிறது என்று தூக்கிப் போடாதே. யாராவது பிரசவ லேகியம், செந்தூரம் என்று பொட்டலம் கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் நாக்கில் வைக்காதே. நீங்கள் இருக்கிற வீடு எந்த வருஷம் கட்டியது என்று ஓனரைக் கேள்.

உனக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவே வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா. சொல்லிக்கொண்டே வருவாய், பாதியில் அப்படியே நின்று ஜன்னலைப் பார்ப்பாய். நான் கரண்டிக் காம்பால் அடிப்பேன், மரமண்டை என்பேன், என்னை மாதிரி நீயும் பாதியில் நிற்கப் போகிறாய் என்பேன். பத்தாவதில் கணக்கில் பெயிலானபோது உன் தலைமுடியைப் பிடித்து வாசல் வரைக்கும் இழுத்தேன். டாக்டரம்மாவிடம் அதையும் கேட்டேன், அதுவும் இதனால்தானா என்று. "அத இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். சொல்ல முடியாது என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை, காவ்யா. அடித்த அடியைத் திருப்பி எடுக்க முடியாது, அதனால் மன்னிப்பு என்று எழுதி மையைக் கெடுக்கவில்லை. எழிலை நான் அடிக்க மாட்டேன். அவனுக்கு வாய்ப்பாடு வரவில்லை என்றால் வராமல் போகட்டும்.

அவனுக்கு ஒரு மாசம் கழித்துப் பார்த்ததில் முப்பத்துமூன்று. இறங்குகிறது, மெதுவாக இறங்குகிறது. நேற்று இரண்டு இட்லி தின்றான். பஸ் ஸ்டாண்டில் இருந்து பஸ் கிளம்பும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறான், விரலை நீட்டுகிறான், வாயைத் திறக்கிறான், இன்னும் சத்தம் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையும் நீண்ட ஆயுசோடு கிடக்க வேண்டும், நம் ஊர்ச் சாமிகள் துணை இருக்கட்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். என் மேல் கோபத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்துக்கொள், பிளாக்கையும் எடுக்க வேண்டாம். ரத்தத்தை மட்டும் இந்த வாரமே கொடு. நம்பர் வந்ததும் மாப்பிள்ளை போனில் இருந்து அதை மட்டும் அனுப்பச் சொல், நலமா என்று கூடக் கேட்க வேண்டாம். எவ்வளவு வந்தாலும் குறைத்துச் சொல்லாதே, நான் உன்னிடம் தூங்குகிறான் என்று சொன்ன மாதிரி நீ என்னிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
தி. பிரகதீஸ்வரி